பழைய புகைப்படத்தில் இருக்கும் லாரி எந்த நிறுவனத்துடையது, எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாத்தாவின் லாரிக்கு முன்னால் குடும்பமே நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருப்பதாகவும், பெயர் இருக்கும் இடத்தை மாலை மறைத்திருப்பதாகவும், அந்த வண்டியை அடையாளம் காண வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வழி உண்டு. ஆனால் முதலில் கேபினைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். நம் ஊரில் லாரி வாங்குவது என்பது நெடுங்காலமாகச் சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தை வாங்குவதாகவே இருந்தது. எஞ்சின், அதை மூடும் பானெட், முகப்புக் கிரில், முன் மட்கார்டு ஆகியவற்றோடு தொழிற்சாலையிலிருந்து வந்த சேசிஸை உரிமையாளர் பட்டறைக்கு ஓட்டிச் சென்று, கேபினையும் பின்பாடியையும் மரத்திலும் தகரத்திலும் கட்டிக்கொண்டார். நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் இந்தத் தொழில் இன்றும் பெயர் பெற்றது. ஆகவே ஒரே பட்டறையில் கட்டிய ஃபார்கோவும் பெட்ஃபோர்டும் பக்கவாட்டில் அண்ணன் தம்பி போலத் தெரியும்; ஒரே மாடலை இரண்டு ஊர்களில் கட்டினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போலிருக்கும். கதவையும் கண்ணாடியையும் அமெரிக்கப் படங்களோடு ஒப்பிட்டுத் தேடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழி தவறுகிறார்கள்.

நம்பத் தகுந்தவை தொழிற்சாலையிலிருந்து வந்த பாகங்கள் மட்டுமே: கிரிலின் கம்பிகள், பானெட்டின் பக்கவாட்டுக் காற்றுத் துளைகள், மட்கார்டின் வளைவு, ஹெட்லைட் மட்கார்டுக்குள் பதிந்திருக்கிறதா அல்லது தனியாக நிற்கிறதா என்பது, முன்சக்கரத்தில் எத்தனை நட், டிஸ்க்கில் எத்தனை துளை என்பது.

என் பெரியப்பா வீட்டில் ஆயுத பூசையன்று எடுத்த ஒரு படம் இருந்தது. பானெட்டின் நெற்றியில் இருந்த எம்ப்ளத்தைச் சாமந்தி மாலையும், இரண்டு ஹெட்லைட்டுகளை வாழைக்கன்றுகளும் முழுமையாக மறைத்திருந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, மாலையின் இரு சரங்களுக்கு இடையே ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து கிடைக்கம்பிகள் தெரிந்தன. ஐந்து கிடைக்கம்பிகள் கொண்ட அகன்ற கிரில், 1947-ல் வெளிவந்து 1953 வரை நீடித்த செவ்ரோலெட் வரிசைக்கு உரியது. 1954-ல் அந்த முகப்பையே மாற்றிவிட்டார்கள். இந்த ஏழு ஆண்டுகளுக்குள் மேலும் நெருக்கிப் பார்க்க அமெரிக்காவில் நல்ல அடையாளங்கள் உண்டு: 1951-ல் கதவில் சிறு முக்கோணக் கண்ணாடி வந்தது, 1952-ல் அழுத்தித் திறக்கும் கைப்பிடி வந்தது. எங்கள் வண்டியின் கதவோ தச்சர் செய்த பலகைக் கதவு. அதனால் அந்த அடையாளங்கள் எதற்கும் உதவவில்லை.

அதே வண்டி பக்கவாட்டில் நேராக நிற்கும் மற்றொரு படம் கிடைத்ததால் நீளத்தை அளக்க முடிந்தது. அக்காலத்து லாரி ரிம் பெரும்பாலும் 20 அங்குலம். விளிம்பு மடிப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 22 அங்குலம் வரும். அதையே அளவுகோலாக வைத்து முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்தால் ஏழு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. அந்த வரிசையின் கனரக லாரிகள் 137 அங்குலம், 161 அங்குலம் என இரு சக்கர இடைவெளிகளில் விற்கப்பட்டன; 137 என்றால் ஆறு மடங்கைச் சற்றே தாண்டியிருக்கும். ஆகவே எங்களுடையது நீளமானது. சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கு செல்லாது.

செவ்ரோலெட்டைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் 1928 முதல் நடத்திவந்த தொழிற்சாலையை 1954-ல் மூடியது என்பதும் துணைச் சான்று. அதே 1954-ல்தான் டாடாவின் டெல்கோ நிறுவனம் டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அது 1969 வரை நீடித்தது. முகப்பில் பென்ஸின் மூன்று முனை நட்சத்திரம் தெரிந்தால் வண்டி அந்தப் பதினைந்து ஆண்டுகளைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். தாத்தா "பென்ஸ் லாரி" ஓட்டியதாக வீட்டில் சொல்வார்களானால் அது ஜெர்மனியிலிருந்து இறங்கிய வண்டி அல்ல, இந்த டாடா வண்டியாகவே இருக்கும். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய நிறுவனம் 1955-ல்தான் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது.

உண்மையான தலைவலி ஃபார்கோ, டாட்ஜ், டிசோட்டோ ஆகிய மூன்றும்தான். மூன்றும் கிரைஸ்லர் நிறுவனத்தின் பெயர்கள். ஒரே லாரியை வெவ்வேறு பெயர்ப்பட்டையோடு விற்றார்கள். பெயர்ப்பட்டை மறைந்திருந்தால் "கிரைஸ்லர் குடும்பத்து லாரி" என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. அதற்கு மேல் உறுதியாகச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

ஆண்டைப் பொறுத்தவரை, வண்டியின் பாகங்கள் படத்துக்குக் கீழ் எல்லையை மட்டுமே தரும். 1950-ல் வாங்கிய லாரி இருபது ஆண்டுகள் கழித்தும் சுமை ஏற்றிக்கொண்டிருக்கும். வண்டி பதிவான காலத்தை அறிய நம்பர் பிளேட்டைப் பாருங்கள். இப்போதுள்ள டி.என். வரிசையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலக எண்ணும் 1989-ல் வந்தவை. சென்னை மாகாணம், சென்னை மாநிலம் என்ற பெயர்கள் இருந்த காலத்துப் பதிவுகள் எம் என்னும் எழுத்தில் தொடங்கின. வண்டியின் பக்கத்திலோ பின்னாலோ உயரமான உருளைக் கலன் பொருத்தியிருந்தால் அது கரியிலிருந்து வாயு உண்டாக்கி எஞ்சினை ஓட்டும் கரிவாயுக் கலன். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் வந்தது. படம் யாழ்ப்பாணத்தில் எடுத்ததாக இருந்தால் நம்பர் பிளேட் இன்னும் நன்றாகப் பேசும். சிலோன் என்பதன் ஆங்கில எழுத்துகளிலிருந்து எடுத்த ஈரெழுத்து வரிசைகள் பழையவை. சிங்கள ஸ்ரீ 1957-ல் வந்தது. அதை எதிர்த்துச் சிலர் தமிழ் ஸ்ரீ எழுதி ஓட்டியதும் அந்த ஓரிரு ஆண்டுகளில்தான்.

உங்கள் படத்தைக் கைபேசியில் எடுக்காமல் ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்திக்குக் குறையாமல் எடுத்து, பானெட்டின் பக்கவாட்டையும் முன்சக்கரத்தையும் தனித்தனியாகப் பெரிதாக்கிச் சேர்த்து அனுப்புங்கள். படத்தின் பின்புறத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை இருக்கக்கூடும். அதற்கு முன் பரணில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து ஆர்.சி. புத்தகம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்துவிட்டால் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் சேசிஸ் எண்ணும் அதிலேயே இருக்கும், கம்பி எண்ண வேண்டிய வேலை மிச்சம்.