இணையத்தில் தமிழ் எழுதுவோர் அதிகம் செய்யும் இலக்கணப் பிழைகள் எவை? புரிந்தால் போதாதா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், நாலு பேர் முன்னால் யாரோ உங்கள் பதிவைத் திருத்தி மனத்தை நோகடித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அது 'வாழ்த்துகளா, வாழ்த்துக்களா' சண்டை என்றால் விட்டுத்தள்ளுங்கள். 'வாழ்த்து' வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யை அடுத்துக் குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடிகிற சொல்; அதற்குப் பின் வலி மிகும், 'க்' சேரும் என்கிறது ஒரு தரப்பு. 'கள்' விகுதிதானே, வலி மிகத் தேவையில்லை என்கிறது மறு தரப்பு. இரண்டு பக்கமும் கற்றறிந்தவர்கள் இருக்கிறார்கள். எப்படி எழுதினாலும் யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் 'புரிந்தால் போதாதா' என்று முடித்திருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. மெய்ப்புப் பார்த்துத்தான், அதாவது பிறர் எழுதியதில் பிழை திருத்தித்தான், என் பிழைப்பு ஓடுகிறது.

என் தங்கை மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோது, அறை தருவதாகச் சொன்னவர் வாட்ஸப்பில் இப்படி அனுப்பினார்: 'முதல் மாதம் அரை வாடகை மட்டும் குடுத்தா போதும்.' அவளும் பாதித் தொகையைக் கட்டிவிட்டுக் குடியேறினாள். மாதக் கடைசியில் மீதி எங்கே என்று வந்து நின்றார். அவர் சொல்ல நினைத்தது 'அறை வாடகை'. முன்பணம் பிறகு தரலாம், இப்போதைக்கு அறைக்கு உண்டான வாடகை போதும் என்பது அவர் கணக்கு. நானே போனில் பேசினேன். "ஒரு எழுத்துக்காகவாம்மா இவ்ளோ பேசுறீங்க?" என்றார். ஏமாற்றுக்காரர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தது என்னவோ எங்கள் பிள்ளைதான்.

பெரும்பாலானோர் பேச்சில் ர, ற ஒன்றாகிவிட்டன. ல, ள, ழ கதியும் ஏறக்குறைய அதேதான். காது கைகொடுக்காது, படித்துப் படித்துக் கண்தான் பழக வேண்டும். ன, ண, ந மூன்றுக்கும் மட்டும் நல்ல வழி உண்டு. ட-வுக்கு முன் ண, ற-வுக்கு முன் ன, த-வுக்கு முன் ந: வண்டி, கன்று, பந்து. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பெயர்களிலேயே அது இருக்கிறது.

'சுவற்றில்' என்று எழுதாதீர்கள். கிணறு கிணற்றில் ஆகும், சுவர் சுவரில்தான்.

என்னை அதிகம் உறுத்துவது ஒருமை பன்மை மயக்கம். 'விலைகள் உயர்ந்தது', 'பேருந்துகள் நின்றது' என்று செய்தித் தளங்களே எழுதுகின்றன. உயர்ந்தன, நின்றன என்று வர வேண்டும். பேச்சில் 'மாடுங்க வந்துச்சு' என்கிறோம், அங்கே அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று கிடையாது; அந்தப் பழக்கம் எழுத்திலும் ஒட்டிக்கொள்கிறது. 'நிற்கவில்லை' என்றால் இந்தத் தொல்லையே இல்லை, இரண்டுக்கும் அது பொது.

உடனே சிலர் சண்டைக்கு வருவீர்கள். பேச்சு வழக்கில் எழுதுவதை நான் பிழை என்று சொல்லவே இல்லை. வட்டார வழக்கும் பிழை அல்ல. செய்தி, அறிவிப்பு, பணம் சம்பந்தப்பட்ட பேச்சு, இவற்றைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'இப்ப யார் சார் பிழை பார்க்கிறாங்க' என்று எங்களை வேலையைவிட்டு நிறுத்திய அதே ஆட்கள்தான், சொந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்றால் ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பி, 'சும்மா ஒரு பார்வை பார்த்துடுங்க' என்கிறார்கள். சும்மா பார்ப்பதற்குப் பெயர் மெய்ப்பு இல்லை. அதற்குக் கூலி உண்டு.