வாசர் தேய்ந்த அடிபம்பும் அம்மாவின் வால்வும்

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. இதயத்தில் மைட்ரல் வால்வு கசிகிறது. கசிவு நடுத்தரமா கடுமையா என்று எக்கோவில் தீர்மானமாகத் தெரியவில்லையாம். அணு ஸ்கேன் எடுத்து அளக்கலாம் என்கிறார் டாக்டர். அணு என்றதும் அம்மா, "கூடங்குளத்தையே உடம்புக்குள்ள ஏத்தப் போறியளா?" என்று கேட்கிறார். எடுக்கலாமா? (வாசகர், வீரவநல்லூர்)

பதில்: அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ஊசியில் போவது டெக்னீசியம் என்ற கதிர்வீசும் மருந்து, அதுவும் மிகச் சிறிய அளவில். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகிவிடும். மறுநாள் இதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மொத்தக் கதிர்வீச்சு ஏறக்குறைய ஒரு நெஞ்சு சிடி ஸ்கேன் அளவுதான்.

சரி, இது கசிவை எப்படி அளக்கிறது? வாசர் தேய்ந்த அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கை வலிக்க அடித்தாலும் குடம் நிறையாது; ஒவ்வொரு அடியிலும் ஒரு பங்கு கீழே இறங்கிவிடும். இதயம் அடுத்தடுத்து வைத்த இரண்டு பம்பு. கசிவு இல்லையென்றால் வலது அறையும் இடது அறையும் ஒரு துடிப்புக்கு ஒரே அளவு ரத்தம்தான் தள்ளும். இடது பக்கத்தில் உள்ள மைட்ரல் வால்வு கசிந்தால், பின்னால் போகும் ரத்தத்தையும் சேர்த்து இடது அறை கூடுதலாகத் தள்ள வேண்டும். ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய மருந்திலிருந்து வரும் கதிர்களை கேமரா எண்ணி, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடும். இடது 100, வலது 60 என்றால் கசிவு 40 சதவீதம். 30க்குக் கீழே லேசானது, 50க்கு மேல் கடுமையானது.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஓட்டைகள் உண்டு. எந்த வால்வு கசிகிறது என்று அது சொல்லாது. வலது பக்க வால்வும் கசிந்தால் உண்மையான கசிவைக் குறைத்துக் காட்டும். நாடி தாறுமாறாக இருந்தாலும் கணக்குத் தப்பும், ஏனென்றால் நூற்றுக்கணக்கான துடிப்புகளை ஈசிஜியோடு பொருத்தி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித்தான் படம் எடுக்கிறார்கள். அதனால், எம்ஆர்ஐ வசதி இருந்தால் நான் அதையே முதலில் கேட்பேன், கதிர்வீச்சும் கிடையாது. அது கிடைக்காத இடத்தில், நாடி சீராக இருந்தால், அணு ஸ்கேன் எடுப்பதில் தப்பில்லை. தாலியம் ஸ்கேன் என்று சீட்டு எழுதியிருந்தால் மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அது இதயத் தசைக்கு ரத்தம் போகிறதா என்று பார்ப்பது, வேறு சோதனை.

அப்புறம் ஒன்று. ரிப்போர்ட்டில் 'இ.எஃப். 60, நார்மல்' என்று வந்தால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இ.எஃப். என்பது, இடது அறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு. பின்பக்கமாகத் தள்ளுவது இதயத்துக்குச் சுலபம் என்பதால், மைட்ரல் கசிவில் இந்த எண் உள்ளதைவிட அழகாகத் தெரியும். கசிவு கடுமையாக இருந்து இது 60 அல்லது அதற்குக் கீழே இறங்கினால், மூச்சுத்திணறல் இல்லாவிட்டாலும் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும்.

அதுவரை மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். ராத்திரி படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினால், ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.