பூஞ்சை பிடித்த வீட்டை வாங்கலாமா, டாக்டர்?

கேள்வி: நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டையே விலைக்குத் தருவதாக உரிமையாளர் சொல்கிறார். படுக்கையறைச் சுவரில் கருப்பாகப் பூஞ்சை படர்கிறது. துடைத்தால் போகிறது, சில வாரங்களில் திரும்ப வருகிறது. இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. எனக்கு முடி கொட்டுவதும் கணவருக்கு மறதி, தலைவலி வருவதும் இதனால்தானா? புற்றுநோய் வருமா? எங்கள் எட்டு வயது மகளுக்கு ஆஸ்துமா உண்டு. விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போனபோது இருமவே இல்லை. இங்கே வந்ததும் இரவு இருமல் மறுபடி ஆரம்பித்துவிட்டது. மருந்துக்கடையில் கேட்டு அவளுக்குப் பூஞ்சை மாத்திரை கொடுக்கிறோம். வீட்டுக் காற்றைப் பரிசோதித்துவிட்டு வாங்கலாமா?

பதில்: மாத்திரையை முதலில் நிறுத்துங்கள். பூஞ்சை இருப்பது சுவரில். அதற்குக் குழந்தை ஏன் மருந்து சாப்பிட வேண்டும்? அவளுக்குப் பூஞ்சைத் தொற்று இருப்பதாகக் காட்டும் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை, மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாதவை.

முடி கொட்டுவதற்குச் சுவரைக் குறை சொல்ல வேண்டாம். மறதியும் தலைவலியும் தூங்காத வீட்டில் யாருக்கும் வரும். சுவரில் படரும் பூஞ்சையால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கொரோனா காலத்தில் பயமுறுத்திய கருப்புப் பூஞ்சை வேறு இனம். நீங்கள் படித்த 'விஷக் கரும்பூஞ்சை' கதைக்கும் ஒரு பின்னணி உண்டு. 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தது. பழி ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற பூஞ்சைமேல் விழுந்தது. தொடர்பை நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமே 2000இல் சொல்லிவிட்டது. இணையத்துக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

சரி, கடிதத்தில் நான் நின்று படித்தது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விஷயத்தை. பாட்டி வீட்டில் இருமல் இல்லை, திரும்பி வந்ததும் இருமல். வீட்டை விட்டு விலகினால் குறைந்து, வந்தால் திரும்பும் மூச்சுத் தொந்தரவை அலட்சியம் செய்யவே கூடாது. ஒருமுறை நடந்ததை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். தூசிப்பூச்சியாக இருக்கலாம், சளிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். அதனால் எழுதி வையுங்கள்: இரவில் இருமி விழித்தாளா, நிவாரண இன்ஹேலர் எத்தனை முறை தேவைப்பட்டது, அன்று எந்த வீட்டில் தூங்கினாள். ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரை இந்த வயதுக் குழந்தையால் பயன்படுத்த முடியும். காலையும் இரவும் அளந்து குறியுங்கள். இடையில் சில நாட்கள் பாட்டி வீட்டுக்கும் அனுப்புங்கள். எண்கள் வீட்டைப் பொறுத்து ஏறி இறங்கினால் விஷயம் தெளிவு. பேசக்கூட முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளிழுத்தாலோ நோட்டுப்புத்தகத்தைத் தேடாதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

காற்றுப் பரிசோதனைக்குச் செலவு செய்யாதீர்கள். பூஞ்சை வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு. இத்தனை வரை பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ளப்பட்ட அளவே கிடையாது, ஜன்னலைத் திறந்தாலே எண்ணிக்கை மாறிவிடும். பூஞ்சையின் பெயரைக் கண்டுபிடிப்பதும் வீண். என்ன நிறமானாலும் அகற்றத்தான் வேண்டும்.

தேட வேண்டியது தண்ணீரை. துடைத்த இடத்திலேயே திரும்ப வருகிறதென்றால் ஈரம் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது. சுவருக்குப் பின்னால் குளியலறை இருக்கிறதா, மேலே தளம் ஒழுகுகிறதா, அல்லது அஸ்திவாரத்திலிருந்து ஓதம் ஏறுகிறதா? ஈரமானியை வைத்துச் சுவரை அளந்து பார்க்கும் ஆளைக் கூப்பிடுங்கள், பூஞ்சையைச் சுத்தம் செய்யும் வேலையையும் அவரே விற்பவராக இருந்தால் வேண்டாம். அலமாரிகளை நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சுவருக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அங்கேதான் முதலில் அளக்க வேண்டும். நல்ல மழைக்கு அடுத்த நாள் வரச் சொன்னால் இன்னும் நல்லது.

ஒழுகும் குழாயோ தளமோதான் காரணம் என்றால் சரிசெய்துவிடலாம். உரிமையாளர் செலவில் முடித்து, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். சுவரைச் சுரண்டும் நாட்களில் மகள் வீட்டில் இருக்க வேண்டாம். பிளீச்சோடு கழிப்பறை சுத்தம் செய்யும் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், வரும் வாயு உங்கள் எல்லோருடைய நுரையீரலையும் பதம் பார்க்கும். ஈரம் எங்கிருந்து வருகிறதென்றே யாராலும் சொல்ல முடியவில்லை, மகளின் குறிப்பும் வீட்டையே காட்டுகிறது என்றால், நான் அந்த வீட்டை வாங்கச் சொல்ல மாட்டேன். வாடகை வீடென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம், கடன் வாங்கி வாங்கிய வீட்டிலிருந்து அப்படிக் கிளம்ப முடியாது.

எந்த வீட்டில் இருந்தாலும் அவளுடைய தடுப்பு இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்தக் குறிப்போடு அவளை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.