தட்டைத் திருகினா சத்தம் மாறுமா?

கேள்வி: ஓட்டை போட்ட ரெண்டு தட்டை ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு லேசா திருகினா சத்தம் போற விதமே மாறுதுன்னு படிச்சேன் சார். தட்டு அதேதானே, வெறும் திருகல்ல என்ன மாறும்? பக்கத்து கடை ஜெனரேட்டர் சத்தத்தை இதால நிறுத்த முடியுமா?

பதில்: வீட்ல கொசுவலை இருந்தா ரெண்டா மடிச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ஒரு மடிப்பை மட்டும் லேசா திருப்பிப் பாருங்க, வலையில இல்லவே இல்லாத பெரிய பெரிய கட்டம் தெரியும். இதுக்கு மொய்ரே வடிவம்னு பேரு. எங்க ஓட்டைக்கு நேரா ஓட்டை வருது, எங்க மறைக்குதுங்கறதுதான் அந்தக் கட்டமா தெரியுது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, கம்மியா திருப்பினாதான் கட்டம் பெருசாகும்! 5 டிகிரி திருப்பினா ஓட்டை இடைவெளி மாதிரி 11 மடங்கு, 1.1 டிகிரினா 52 மடங்கு, அதாவது 1 செ.மீ. இடைவெளி உள்ள தட்டுல அரை மீட்டர் கட்டம். தட்டுல ஓடுற சத்தத்துக்கு இப்ப இந்தப் பெரிய கட்டமும் சேர்ந்துதான் பாதை, அதனால திருகல் மாறினா பாதையும் மாறும்.

அந்த 1.1 டிகிரி சும்மா எடுத்த நம்பர் இல்ல. கிராஃபீன்னு ஒரே ஒரு அணு தடிமன்ல இருக்கற கார்பன் தாள்ல ரெண்டு அடுக்கை அந்தக் கோணத்துல திருப்பி வெச்சு நல்லா குளிரவெச்சா மின்சாரம் தடையே இல்லாம ஓடுதுன்னு 2018ல அமெரிக்காவுல இருக்கற எம்.ஐ.டி.யில பாப்லோ ஹரியோ ஹெரேரோ குழு காட்டுச்சு. எலக்ட்ரானும் அலைதான், சத்தமும் அலைதான், அப்ப இதே வித்தை சத்தத்துலயும் வரணுமே? 2021ல ஹார்வர்டு ஜெனிஃபர் ஹாஃப்மன் குழு ஓட்டை போட்ட ரெண்டு ஸ்டீல் தட்டு, நடுவுல மெல்லிசா ஒரு பாலிஎத்திலீன் சவ்வு, இப்படி ஒரு அமைப்பை கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தாங்க. சரியான கோணத்துல ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வன்சி சத்தம் ரொம்ப மெதுவாகி, ஓட்டையோட ஓட்டை நேரா வர்ற இடத்துலயே தங்கிடுது. சவ்வோட தடிமனை மாத்தினா அந்தக் கோணமும் மாறுது, கிராஃபீன்ல இதெல்லாம் இவ்வளவு சுலபமா செய்ய முடியாது.

ஜெனரேட்டருக்கு வருவோம். இந்தத் திருகல் தட்டை இன்னைக்கு கடையில வாங்கி சுவத்துல மாட்ட முடியாது. 50 ஹெர்ட்ஸ் உறுமலோட அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், அதான் சாதா சுவரைத் தாண்டி வந்து உங்க தூக்கத்தைக் கெடுக்குது. சின்ன பொருளால பெரிய அலையைத் தடுக்க முடியும்னு 2000லயே ஹாங்காங்ல பிங் ஷெங் குழு காட்டிட்டாங்க, ரப்பர் சுத்தின ஈய உருண்டைகளை 1.55 செ.மீ. இடைவெளியில அடுக்கி 400 ஹெர்ட்ஸ் பக்கத்துல சத்தத்தைத் தடுத்தாங்க. ஆனா அதை ஒரு தடவை செஞ்சா அந்த ஃப்ரீக்வன்சியோட சரி, வேற வேணும்னா வேற உருண்டை செய்யணும். திருகுற தட்டுன்னா கோணத்தை மட்டும் மாத்தினா போதும், அதுக்காகத்தான் இதுல இவ்வளவு பேர் இறங்கியிருக்காங்க.