இளவரசர் கோடிக்கரைக்கு ஏன் வந்தார்?

அன்புள்ள அக்கா,

நான் குலசேகரத்துக்காரி. அப்பா விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டப் போனதும் எழுத உட்காருவேன். பொன்னியின் செல்வனை வைத்து ஒரு ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிறேன். சோழ இளவரசர் அருள்மொழிவர்மர் மணிமுடியை உதறிவிட்டுப் படகோட்டிப் பெண் பூங்குழலியைத் தேடிக் கோடிக்கரைக்கு வந்துவிடுகிறார். அவரைக் காதலிக்கும் கொடும்பாளூர் இளவரசி வானதி பொறாமையில் சதி செய்கிறாள். ஆறு அத்தியாயங்களைப் படித்த தோழிகள், “நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ப முடியல” என்கிறார்கள். அவருடைய காதலைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன். இன்னும் என்ன செய்ய?

ர.

அன்புள்ள ர,

நீங்கள் அனுப்பிய ஆறு அத்தியாயங்களையும் படித்தேன். காதல் நிறையவே இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் அவர் பூங்குழலியின் கண்களை நினைக்காத பத்தியே இல்லை. அந்தக் கண்களைப் பார்ப்பதற்கு முன்னால் அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்பதைத்தான் எங்கேயும் காணோம்.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய மூலக்கதையிலும் அருள்மொழி முடியை விட்டுக்கொடுக்கிறார். முடிசூட்டு விழாவில் அதை எடுத்துத் தன் சித்தப்பா முறையான சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறார். நாம் கொஞ்சமும் சந்தேகப்படுவதில்லை. ஏனென்றால் இலங்கையில் புத்த பிக்குகள் அரியணையைக் காட்டி அழைத்தபோதே மறுத்தவர் அவர். அன்றைக்கே அந்தக் குணம் நமக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் கதையில் அதே செயலுக்கு ஒரு பார்வை மட்டும்தான் காரணம். அவருடைய பழைய மனசு அப்படியே ஒதுங்கி நிற்கிறது.

வானதி விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். சோழ சிங்காதனத்தில் ஏறமாட்டேன் என்று சபதம் செய்த பெண் அவள். அவளுக்கு வேண்டியது அந்த மனிதர் மட்டும்தான். இளவரசர் முடியைத் துறந்தால் முதலில் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே கிளம்புகிறவள் அவளாகத்தான் இருப்பாள். ஆக, முடியைத் துறப்பது வானதியிடமிருந்து அவரைப் பிரிக்காது. அந்த இடைஞ்சலைத் தாண்டத்தான் அவளைச் சதிகாரி ஆக்கிவிட்டீர்கள், இல்லையா? வழியில் நிற்பவளைக் கெட்டவளாக்கினால் எழுதுவது சுலபம். ஆனால் அவளைத் தெரிந்த வாசகி அந்த இடத்திலேயே உங்கள் கையை விட்டுவிடுவாள்.

நம் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டாகக் கேட்டிருப்பீர்கள். பிராமணன் ஒருவன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்படுகிறான். யார் நம்புவார்கள்? வாலப்பகடையே நம்பவில்லை. குடுமியை அறுத்து, பூணூலைக் களைந்து, செருப்புத் தைத்துக் கொண்டுவா என்கிறான். அவன் செய்துகொண்டு வருகிறான். அந்த இடத்தில் கொடைப் பந்தலே அமைதியாகிவிடும். சின்ன வயதில் அம்மா மடியில் படுத்து அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த நான் எழுந்து உட்கார்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வளர்ந்த பிறகுதான் அந்தப் பாட்டின் கட்டுமானம் புரிந்தது. கேட்கிறவர்களின் சந்தேகத்தையெல்லாம் பாடுகிறவர் பெண்களைப் பெற்றவன் வாயில் வைத்துவிடுகிறார். இன்னொன்று, முத்துப்பட்டன் ஏற்கெனவே அண்ணன்மாரோடு பிணங்கி வீட்டை விட்டுப் போனவன். உதறிவிட்டுப் போகிற சுபாவம் காதலுக்கு முன்பே அவனிடம் இருக்கிறது.

உங்கள் கதையில் வாலப்பகடையின் கேள்வியை யார் கேட்பது? நான் பூங்குழலியையே கேட்க வைப்பேன். கோடிக்கரைச் சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி அவைதான் தன் காதலர்கள் என்று வந்தியத்தேவனிடம் சொன்னவள் அவள். ஆசைப்பட்டது கிடைக்காது என்று தெரிந்தே ஆசைப்பட்டவள். அது ஒருநாள் வாசலில் வந்து நின்றால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாளா? எனக்குத் தோன்றவில்லை. நடுக்கடலில் அவரைக் காப்பாற்றியவள் அவள்தானே. “உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலி கொடுக்க வந்தீர்களா?” என்றுதான் முதலில் கேட்பாள். அவரால் உடனே பதில் சொல்ல முடியக்கூடாது. நன்றி எது, ஆசை எது என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாமல் நாலைந்து நாள் அந்தக் கரையில் அலையட்டும். அவள் பாட்டுக்குப் படகை எடுத்துக்கொண்டு போகட்டும். உங்கள் காதல் கதை அந்த நாலைந்து நாளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மூலத்தில் நடந்ததை மாற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக மாற்றுங்கள். பூங்குழலி சேந்தன் அமுதனை மணந்ததில் எனக்கும் சின்ன வயதில் கோபம்தான். ஆனால் ஆட்களின் மனசு மூலத்தில் இருந்தபடி இருக்கட்டும். சம்பவம் மட்டும் மாறட்டும். அப்புறம், இரண்டாம் அத்தியாயத்தில் அவள் துடுப்பைக் கழுவிக் காயவைக்கிற இடம் அருமை. அதைத் தொடவேண்டாம்.

ஏழாம் அத்தியாயத்துக்கு இப்போது போகவேண்டாம். சதியை எடுத்துவிட்டு வானதி பகுதியைத் திரும்ப எழுதுங்கள். அவர் போகிறேன் என்கிறார், அவள் நானும் வருகிறேன் என்கிறாள். அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா