அம்மாவை 'மகளிர் குழு'வில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா? இந்தக் குழுக்களால் ஏழைகளுக்கு உண்மையில் பயன் உண்டா?

எந்தக் குழு என்று நீங்கள் சொல்லவில்லை. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஏற்பாடுகளை நம் ஊர்ப்பக்கம் இப்போது 'குழு' என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள். ஒன்றில் பெண்கள் தங்கள் பணத்தைச் சேர்த்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்கிறார்கள்; இதுதான் சுய உதவிக் குழு. மற்றதில் ஒரு நிறுவனம் ஐந்தாறு பெண்களைச் சேர்த்து உட்கார வைத்துத் தன் பணத்தைக் கடனாகக் கொடுக்கிறது. முதல் வகையில் நான் நான்கைந்து வருடம் கணக்கு எழுதியவன். இரண்டாம் வகை எங்கள் தெருவுக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் ஊர் மேலூர் பக்கம். 1998இல் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். 1989இல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு ஆரம்பித்த மகளிர் மேம்பாட்டுத் திட்டம், சில ஆண்டுகளில் மதுரை, ராமநாதபுரம் வரை வந்து, பிறகு 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் பரவிய நேரம் அது. எங்கள் தெருவில் 18 பெண்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். எல்லோரும் களையெடுப்பு, நடவு, செங்கல் சூளை என்று கூலிக்குப் போகிறவர்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் நான்கு பேர். கணக்கு எழுத ஆள் தேடியபோது அம்மா என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் ஒரு டீயும் ஒரு உளுந்த வடையும் சம்பளம்.

மாதச் சந்தா 20 ரூபாய். முதல் கூட்டத்தில் 360 ரூபாய் சேர்ந்தது. யாரும் கடன் கேட்கவில்லை. இத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து கேட்க வேண்டுமே என்ற கூச்சம். இரண்டாம் மாதம் எதிர்வீட்டு அத்தை 500 ரூபாய் கேட்டார். மகனுக்கு மஞ்சள் காமாலை. எங்கள் ஊரில் அப்போது வெளி வட்டி நூற்றுக்குப் பத்து. அங்கே 500 வாங்கினால் மாதம் 50 ரூபாய் வட்டியாகப் போய்விடும், அசல் அசையாமல் அப்படியே நிற்கும். குழுவில் இரண்டு வட்டி. மாதம் 50 ரூபாய் அசலோடு கட்டினால், குறையும் அசலுக்கு ஏற்ப வட்டி பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கிக்கொண்டே வரும். பத்து மாதமும் கட்டி முடித்தபோது அத்தை கொடுத்திருந்த மொத்த வட்டி 55 ரூபாய். வெளியில் என்றால் அது ஒரு மாதத்து வட்டிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

அந்த 55 ரூபாய் எங்கே போனது? அதே நோட்டில் வரவுப் பக்கத்தில் நான்தான் எழுதினேன். அத்தை கட்டிய வட்டியில் பதினெட்டில் ஒரு பங்கு அத்தைக்கே சொந்தம். இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு ஆயிற்றே, இது கொள்ளை இல்லையா என்று படித்தவர்கள் கேட்பார்கள். வட்டி தெருவை விட்டு வெளியே போகிறதா, தெருவுக்குள்ளேயே சுற்றுகிறதா என்று பார்க்காமல் விழுக்காட்டை மட்டும் பார்ப்பதில் அர்த்தமில்லை. இரண்டு வருடம் கழித்துச் சந்தாவை 50 ரூபாயாக உயர்த்தினார்கள். ஐந்து வருட முடிவில் சேமிப்பு 41,040 ரூபாய். வட்டியும் அபராதமும் சேர்ந்து 17,000 சொச்சம். கூலிக்காரப் பெண்கள் யாரிடமும் கைநீட்டாமல் சேர்த்த பணம் அது.

இந்த ஏற்பாட்டைச் சர்க்கார் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் வேலை செய்த ஊர்களில், எண்பதுகளின் நடுவில், பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் உடைந்து, ஒருவரையொருவர் நம்பியவர்கள் மட்டும் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்தார்கள். சங்கத்தை நம்பாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரரை நம்பினார்கள். அந்த அனுபவங்களைப் பார்த்துத்தான் 1992இல் விவசாயத்துக்கும் கிராம வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியது. அடமானம் இல்லாமல், பதிவுகூட இல்லாத ஒரு குழுவின் பெயரில் வங்கிக் கடன் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். குழுவில் இருபது பேருக்கு மேல் கூடாது என்பார்களே, அதன் காரணமும் இதுதான். அதற்கு மேல் போனால் பதிவு செய்தாக வேண்டும் என்பது அன்றைய சட்டம்.

வங்கிக் கடன் என்றதும் மாடு ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் குழுவுக்கு முதல் வங்கிக் கடன் வந்தபோது ஒவ்வொருவரும் எதற்கு வாங்குகிறார்கள் என்று எழுதித் தர வேண்டியிருந்தது. உண்மைக் காரணங்கள் எனக்குத் தெரியும்: பழைய கடன் அடைக்க, மகள் பிரசவம், காதுகுத்து, கூரை மாற்ற. இதையெல்லாம் எழுதினால் கடன் கிடைக்காது, தொழில் எழுது என்றார்கள். எழுதினேன். என் கையெழுத்தில் எங்கள் தெருவில் பதினொரு கறவை மாடுகள் இருந்தன. நேரில் வந்து எண்ணினால் இரண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றாலும், இன்றைக்கு யோசித்தால் தப்பு என் பேனாவில் மட்டும் இல்லை. பத்து வட்டிக் கடனை இரண்டு வட்டிக்கு மாற்றிக்கொள்வதைவிட லாபமான தொழில் எந்த மாடும் தராது. 'ஏழைப் பெண் கடன் வாங்கினால் தொழில்தான் செய்ய வேண்டும், சாப்பிடவோ மருந்து வாங்கவோ கூடாது' என்ற எதிர்பார்ப்பு எனக்கு இன்றும் புரிவதில்லை. மாதச் சம்பளக்காரர்கள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கினால் யாரும் மாட்டைக் காட்டச் சொல்வதில்லையே.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொன்னால் அதுவும் பதினோராவது மாடுதான். மூன்றாம் வருடம் ஒரு பிரதிநிதி, வசூலான பணத்தை வங்கியில் கட்டாமல் இரண்டு மாதம் வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொண்டார். 'கட்டியாயிற்று, பாஸ் புத்தகம் வீட்டில் இருக்கிறது' என்று அவர் சொன்னதை நம்பி நானும் நோட்டில் ஏற்றிவிட்டேன். கண்டுபிடித்தது எழுத்தே தெரியாத ஓர் அப்பத்தா. வங்கிக்குப் போய்வரும் பஸ் செலவைக் குழு கொடுக்கும். அதற்கு டிக்கெட்டைக் கொண்டுவந்து நோட்டில் குண்டூசியால் குத்த வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்பத்தா நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "இரண்டு மாதமாக டிக்கெட்டைக் காணோமே, நடந்தா போனாய்?" என்று கேட்டார். கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது.

அந்தப் பெண்ணை வெளியேற்றவில்லை. அபராதத்தோடு எட்டுத் தவணையில் கட்டச் சொன்னார்கள், கட்டினார். அதன்பிறகு பணத்தை எல்லோர் முன்னாலும் சத்தமாக எண்ண வேண்டும், வங்கிக்கு மாதம் ஒரு புது ஜோடி போக வேண்டும் என்று தீர்மானம் எழுதினோம். என்னையும் திட்டினார்கள்; அந்த மாதம் வடை கிடையாது.

படிக்காத பெண்களால் நிர்வாகம் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் அந்த அப்பத்தாவைத்தான் சொல்வேன். ஊர் அறிந்த உதாரணம் வேண்டும் என்றால் மதுரை மாவட்டத்துச் சின்னப்பிள்ளை இருக்கிறார். விவசாயக் கூலி, பள்ளிக்கூடம் போகாதவர், களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழு இயக்கத்தை வளர்த்தவர்களில் ஒருவர். ஸ்திரீ சக்தி விருது கொடுத்த மேடையில் பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டதைப் படமாகப் பார்த்திருப்பீர்கள். 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. தானம் அறக்கட்டளை வளர்த்த இந்தக் களஞ்சியத்தில், பல குழுக்கள் சேர்ந்து வட்டார அளவில் ஒரு கூட்டமைப்பு ஆகின்றன. என் சித்தி அதில் இருந்தார். அங்கே கணக்கருக்குச் சம்பளம் கொடுப்பது உறுப்பினர்கள்தான், அதனால் கணக்கர் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் அவருக்கும் அபராதம் என்று சித்தி பெருமையடிப்பார். வடைக்கு வேலை பார்த்த எனக்குப் பொறாமையாக இருக்கும்.

இனி இரண்டாம் வகை. 2007 வாக்கில் ஏழைகளுக்குச் சிறு தொகைகளாகக் கடன் கொடுக்கும் ஒரு தனியார் நுண்கடன் நிறுவனத்தின் ஆள் காலை ஏழு மணிக்கு பைக்கில் வந்து இறங்கினார். ஐந்து பேர் சேருங்கள், ஒருவருக்கொருவர் ஜாமீன், ஆதாரமாக ரேஷன் கார்டு போதும், ஒரு வாரத்தில் பணம் கையில். எங்கள் குழுவில் 5,000 ரூபாய்க்கு மூன்று கூட்டம் காத்திருந்தவர்களுக்கு இது வரமாகத் தெரிந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். தண்டல்காரர் 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கொடுத்துத் தினம் 100 ரூபாயாக நூறு நாள் வாங்குவார். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 75 விழுக்காட்டுக்கு மேல். நிறுவனத்தின் வட்டி நிச்சயம் அதைவிடக் குறைவு.

ஆனால் அங்கே சந்தா கிடையாது. இப்படிப்பட்ட நிறுவனங்கள் டெபாசிட் வாங்கவே விதி இடம் தராது. சந்தா இல்லாததால் பங்கும் இல்லை, தீர்மானமும் இல்லை. இந்த மாதம் மழை, வேலை இல்லை, தவணையைத் தள்ளிவைப்போம் என்று ஐந்து பெண்கள் கூடி முடிவெடுக்க முடியாது. எங்கள் குழுவில் அப்படி எத்தனையோ முறை தள்ளிவைத்திருக்கிறோம். இரண்டாவது நிறுவனம் வந்தது, மூன்றாவது வந்தது. ஒன்றில் வாங்கி மற்றொன்றில் கட்டினார்கள். ஒரு நாள் தவணை கட்டாத ஒரு பெண்ணின் வாசலில் மற்ற நால்வரையும் உட்கார வைத்திருந்தார் வசூல்காரர். அந்த நால்வரில் இருவர் அவருடைய சொந்த நாத்தனார்கள். பணம் வந்தது. அந்த வீடுகளுக்கிடையே பேச்சுவார்த்தை இன்றுவரை இல்லை.

இதன் பெரிய வடிவம்தான் 2010இல் ஆந்திராவில் வெடித்தது. தற்கொலைச் செய்திகள் குவிந்து, அக்டோபரில் அந்த அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கியது. 2022 விதிப்படி ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மிரட்டி வசூலிக்கக் கூடாது. 2025இல் தமிழ்நாடும் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. அம்மாவிடம் இதைச் சொல்லிவையுங்கள், வாசலில் யாராவது வந்து உட்கார்ந்தால் உதவும்.

சுய உதவிக் குழுக்களுக்கும் நோய்கள் உண்டு. கட்சிக் கூட்டத்துக்கு லாரியில் ஏற்றிப் போவார்கள். தள்ளுபடி வரும் என்று யாராவது கிளப்பிவிட்டால் அந்த மாதம் வசூல் படுத்துவிடும். எனக்கு மிகவும் உறுத்துவது வேறு: எங்கள் பதினெட்டுப் பேரில் ஊரின் மிக ஏழையான இரண்டு குடும்பங்கள் இல்லை. 'அவர்களால் சந்தா கட்ட முடியாது' என்று முதல் நாளே விட்டுவிட்டார்கள். ஒருவரையொருவர் நம்புகிறவர்கள்தான் சேர்கிறார்கள் என்றால், யாரும் நம்பாதவர்களுக்கு அதில் இடமில்லை. இதற்கு எங்களிடம் கடைசிவரை பதில் இருக்கவில்லை.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். சேருவதற்கு முன் ஒரு கூட்டத்துக்குச் சும்மா போய் உட்காரச் சொல்லுங்கள். தீர்மான நோட்டைக் காட்டச் சொல்லட்டும். போன மாதம் யாருக்கு எவ்வளவு கடன், யார் முடிவு செய்தார்கள், வட்டி எந்தப் பக்கத்தில் ஏறியது என்று கேட்கட்டும். நோட்டே இல்லை, தவணைத் தேதி போட்ட அட்டை மட்டும்தான் என்றால் அது நிறுவனக் கடன். அவசரத்துக்கு வேண்டுமானால் வாங்கலாம், ஒன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். நோட்டு இருந்தால், பஸ் டிக்கெட் குத்தியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.