திருத்தங்களோடு திரும்பி வந்த நாவல்

வணக்கம் நண்பரே. முதல் நாவல் பக்கத்துக்குப் பக்கம் திருத்தங்களோடு வந்திருக்கிறது, பாலக்கோட்டுப் பேச்சில் இருந்த ‘கேவுரு’ எல்லாம் ‘கேழ்வரகு’ ஆகிவிட்டது, பதிப்பகத்திடமிருந்து பிரதியைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், வாங்காதீர்கள்.

நான் கிருஷ்ணகிரிக்காரன். என் நாவலில் 1998-ல் ஒரு மாங்காய் விவசாயி கிருஷ்ணகிரி கலெக்டரிடம் மனு கொடுப்பார். அச்சுக்குப் போகும் முன் பிரதியைத் திருத்துகிற காப்பி எடிட்டர் ஓரத்தில் எழுதியிருந்தார்: “மாவட்டம் பிரிந்தது 2004-ல்தானே? இவர் தருமபுரிக்கல்லவா போயிருக்க வேண்டும்?” அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை. பெரியவரை பஸ் ஏற்றித் தருமபுரிக்கு அனுப்பினேன். நாவலில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் இன்றைக்கும் அந்தப் பயணம்தான்.

இன்னோர் இடத்தில் ‘முதலாளி அவனுக்கு வேலைக் கொடுத்தார்’ என்று எழுதியிருந்தேன். அந்த ‘க்’கை மட்டும் அடித்திருந்தார். அது இருந்தால் முதலாளி கொடுத்தது வேல் ஆகிவிடும். முந்நூறு பக்கமும் இப்படிக் கண் வைத்துப் பார்க்கிற மனிதருக்கு அட்டையில் பெயர்கூட வருவதில்லை.

சரி, கேவுருக்கு வருவோம். அதில் நியாயம் உங்கள் பக்கம். பாத்திரங்களின் பேச்சில் எந்தெந்த வட்டாரச் சொல் நிற்க வேண்டும் என்று பொருளோடு ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். அந்தத் திருத்தங்களுக்குப் பக்கத்தில் ‘அப்படியே இருக்கட்டும்’ என்று குறியுங்கள். நல்ல எடிட்டர் அதை மதிப்பார். அப்புறம் மற்ற திருத்தங்களை இரண்டு நாள் கழித்து வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.